தாழிட்டுச் சாப்பிட்ட தாத்தா

இரும்புத் தாழ்ப்பாள் கதவுச் சட்டத்தை உரசிக்கொண்டு போய்க் கடைசியில் 'டொக்'கென்று குழிக்குள் விழும் ஓசையோடுதான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மதியச் சாப்பாடு ஆரம்பமாகும். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வரும் நான் சோற்றுத் தட்டைத் தாத்தாவின் அறை வாசல்வரை கொண்டுபோவேன், அஞ்சலை பெரியம்மா நிலைப்படிக்கு உள்ளே நின்றபடியே அதை வாங்கிக்கொள்வாள், கதவைச் சாத்துவாள், பிறகு அந்த ஓசை. ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டுவதற்குக் கதவை எதற்காகத் தாழிட வேண்டும் என்ற கேள்வி வீட்டில் எல்லோரிடமும் இருந்தது. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

அது 1958. என் தம்பி, இல்லை, 1957 என்று இன்றும் வாதாடுவான். அவன் பிறந்ததே 1958 ஆவணியில்தான். அவன் பிறந்து அம்மா படுத்ததால்தான் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆகவே அவன் வாதம் நிற்காது. நான் அப்போது நான்காம் வகுப்பு.

தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்துப் பொலீசில் சிப்பாயாகச் சேர்ந்து 'பிரிகாதியே' வரை உயர்ந்து ஓய்வு பெற்றவர். சிப்பாய்களுக்கு மேற்பார்வை பார்க்கும் பதவி அது. தெருவில் எங்கள் வீட்டுக்கே 'பிரிகாதியே வீடு' என்றுதான் பெயர். அவருடைய சிவப்புக் 'கெப்பி', அதாவது தொப்பி, ஒரு தகரப் பெட்டிக்குள் அந்துருண்டைகளோடு இருந்தது. அவர் பிடித்த வழக்குகளில் அவருக்கு மிகவும் பிடித்தது, பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாமனாருக்குக் குழம்பில் ஊமத்தை கலந்து கொடுத்த வழக்கு. அதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், "வெசம் தெருவுலேருந்து வராது. அடுப்பங்கரையிலேருந்துதான் வரும்" என்பார். இன்னொரு வாசகமும் அவருக்கு உண்டு: "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்த பேசுறவன் எதையோ மறைக்கிறான்." நாங்கள் பேரப்பிள்ளைகள் இதையெல்லாம் கதை என்று கேட்டோம். அம்மா சமையலறையில் இருந்தபடி எப்படிக் கேட்டாள் என்று நான் யோசித்ததில்லை.

அவருக்கும் அப்பாவுக்கும் இடையில் 1954 நவம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு விரிசல் இருந்தது. அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. பஞ்சாலையில் வேலை பார்த்த அப்பா இணைப்புக்காகக் கூச்சல் போட்டவர்களில் ஒருவர். வாசல் நிலையில் காகிதக் கொடி ஒட்டினார். தாத்தா தம் அறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். எனக்கு அப்போது ஐந்து வயது. கொடியின் பசை வாடை மட்டும் நினைவிருக்கிறது. மாலையில் அம்மா பாயசம் கொண்டுபோனபோது அவர் தொடவில்லை என்றும், "இத யாரு ஆக்குனது?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார் என்றும் அம்மா பின்னாளில் சொன்னாள். வீட்டில் சமைப்பது அவள் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

1958 பங்குனியில் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை, சோற்றுக்கை போய்விட்டது. இடது கையால் தின்ன மாட்டார். கரண்டியை நீட்டினால், அது தொரைமார்களுக்கு என்பார். எனவே ஊட்ட வேண்டியிருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து அம்மாதான் ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வியாதியின் குணம் என்றே எல்லோரும் நினைத்தோம்.

அம்மாவுக்குப் பிரசவம் ஆனதும், தவளக்குப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளுடைய ஒன்றுவிட்ட அக்காள் அஞ்சலை வந்து சேர்ந்தாள். புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாதவள். உறவில் எங்கே படுக்கை விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். படுத்தவர் எழுந்தாலும் போனாலும் அவள் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். கரகரத்த குரலும் எப்போதும் அடக்கிய வெற்றிலையுமாக அவள் தாத்தாவின் அறைக்குள் நுழைந்த முதல் நாளிலிருந்து, காலைக் குளியலுக்கு முன் ஒரு விசாரணை நடக்கும். தெருவரை கேட்கும்.

"பேரு?"

"அஞ்சல."

"அப்பன் பேரு?"

"ஏகாம்பரம்."

"யாரு அனுப்புனது?"

"ஒங்க மருமவ."

"எதுக்கு?"

"ஒங்களக் குளுப்பாட்ட. திரும்புங்க மாமா, முதுவக் காட்டுங்க."

மறுநாளும் இதே கேள்விகள், இதே பதில்கள். ஒருநாள் அவள், "நேத்து சொன்னதுதான், எழுதி வெச்சிக்கக் கூடாதா பிரிகாதியே மாமா?" என்று கேட்டதற்கு, "மாத்திச் சொல்றியான்னு பாக்குறன்" என்று அவர் சொன்னதும், அவள் வெற்றிலை தெறிக்கச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

அவள் வந்த நாளிலிருந்து தட்டு காலியாகத் திரும்பியது. அம்மா முதலில் மகிழ்ந்தாள். தட்டை எடுத்துப் பார்த்து, "மீன் துண்டக்கூட விடல" என்று பச்சைக் குழந்தையிடம் சொன்னாள். நாளாக ஆக அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு முள் முளைத்தது. தன் கையால் இறங்காத சோறு இவள் கையால் மட்டும் எப்படி இறங்குகிறது? அதுவும் கதவைத் தாழிட்டுக்கொண்டு? தட்டைக் கழுவ யாரிடமும் கொடுக்காமல் தானே கிணற்றடிக்கு எடுத்துப்போவது எதற்காக? அம்மா இதைப் பெரியம்மாவிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டால் உள்ளே கிசுகிசுப்பு மட்டும்தான் வருகிறது என்று நான் சொன்னேன். அது உண்மைதான். "சாப்புடுங்க மாமா, பாத்தீங்க இல்ல?" என்று ஒருமுறை காதில் விழுந்தது. எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் அக்காள், ரெட்டியார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, ஞாயிற்றுக்கிழமைகளில் ரிக்சாவில் வந்து இறங்குவாள். தகப்பனுக்கு ஒரு வேளை ஊட்டியதில்லை. ஒருமுறை முதுகு தேய்த்ததில்லை. ஆனால் சோதனை போடுவதில் தாத்தாவின் மகள்தான். பாயைத் தூக்கிப் பார்ப்பாள், வேட்டியை மோந்து பார்ப்பாள், முதுகில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். புண் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இன்று தோன்றுகிறது. ஒன்றும் அகப்படாததால் சந்தேகம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"எங்கப்பா கன்னம் ஒட்டிப் போச்சு. ஒங்க அக்கா கன்னம் மட்டும் உப்பிக்கினே போவுது" என்றாள் அம்மாவிடம் ஒரு ஞாயிறு, பெரியம்மாவின் காதில் விழும்படி.

"வெத்தல அடக்கியிருக்கேன் அண்ணி. வேணும்னா துப்பிட்டு வந்து காட்டட்டுமா?" என்றாள் பெரியம்மா.

இதை அப்பாவிடம் கொண்டுபோனால், "ரெண்டு பொம்பளைங்க விவகாரத்துல நான் வர மாட்டேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் தம் தகப்பனின் அறைக்குள் போவது குறைவு. போனாலும் வாசலிலேயே நின்று, "எப்பிடி இருக்கீங்க?" என்று கேட்டு, "இருக்குறேன்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வேலை நாளில், ஞாயிறல்லாத நாளில், அத்தை சொல்லாமல் வந்தாள். வாசல் வழியாக வரவில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த சந்தில் சேற்றில் கால் வைத்து நடந்து, தாத்தாவின் அறை ஜன்னலடியில் போய் நின்றாள். நான் அப்போதுதான் தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தேன். தாழ்ப்பாள் விழுந்த ஓசை அடங்கவில்லை. சந்திலிருந்து, "அடிப் பாவி! எச்சில ஊட்டுறாளே எங்கப்பாவுக்கு!" என்று ஒரு அலறல்.

எச்சில் என்பதற்கு அன்று என்ன பொருள் என்பதை இன்றைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியவர் தின்று மிச்சம் வைத்ததைச் சிறியவர் தின்னலாம், அதில் குறைவில்லை. சிறியவர் வாய் வைத்ததைப் பெரியவருக்குப் போடுவது அவரை நாயாக்குவது. எங்கள் அம்மா குழம்பில் உப்பு பார்ப்பதுகூட உள்ளங்கையில் சொட்டு விட்டுத்தான். அந்தக் கையைக் கழுவிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவாள். அப்படிப்பட்ட வீட்டில், பிரிகாதியே ஒருவரின் தட்டிலிருந்து முதல் கவளத்தை ஒரு பெண் தன் வாயில் போட்டுக்கொண்டு, அதே கையால் அடுத்த கவளத்தை அவருக்கு ஊட்டுவதை அத்தை ஜன்னல் இடுக்கில் பார்த்திருந்தாள்.

கதவு திறந்தது. பெரியம்மாவின் உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அம்மா தம்பியைத் தோளில் போட்டபடி ஓடிவந்தாள்.

"தின்னியா, இல்லியா?" என்றாள் அத்தை.

"தின்னேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

அத்தை தாத்தாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, இவ ஒங்க தட்டுலேருந்து எடுத்துத் தின்னாளா?"

தாத்தா மகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். "ஆமாம், தின்னா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஏன் தின்றாள் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. பெரியம்மாவும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, தானாக எதையும் சொல்லவில்லை.

"இவ இருந்தா நான் எங்கப்பாவ இட்டுக்கினு போயிடுவேன். ஊரு சிரிக்கட்டும்" என்றாள் அத்தை. அம்மா தன் அக்காளுக்காக ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவளுக்குள்ளும் அந்த முள் இருந்தது. பெரியம்மா மூட்டையைக் கட்டினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "தயிர்ச் சோத்த நல்லாக் கொழையப் பெசைங்க, கடவாப் பல்லு இல்ல அவருக்கு" என்று யாரிடமும் அல்லாமல் சொல்லிவிட்டு, கடலூர்ச் சாலை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

அத்தை அன்றே தங்கிவிட்டாள். தன் கையாலேயே ஊட்டுவதாகச் சொல்லிக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாத்தா வாயை இறுக மூடிக்கொண்டார். "நான்தான் அப்பா, ஒங்க பொண்ணு" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரவு கஞ்சி, மறுநாள் இட்டிலி, எதற்கும் வாய் திறக்கவில்லை. இது எத்தனை நாள் நடந்தது என்பதில் மட்டும் எனக்கு உறுதியில்லை; மூன்று என்பார் அப்பா, ஐந்து என்பாள் அம்மா. வந்து பார்த்த டாக்டர், இப்படியே போனால் இந்த வாரத்தைத் தாண்டமாட்டார் என்று அப்பாவைத் தனியே அழைத்துச் சொன்னார்.

அவர் சுத்தமாகப் பட்டினி கிடக்கவில்லை என்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள். வாழைப்பழத்தை அவர் கண் முன்னால் உரித்தால் தின்றார். இளநீரை அறைக்குள்ளேயே வைத்துச் சீவினால் குடித்தார். அவித்த முட்டையை ஓட்டோடு கொடுத்து, அங்கேயே உடைத்தால் பாதி தின்றார். பிசைந்த சோறு, ஆற்றிய பால், கலந்த கஞ்சி எதுவும் கூடாது. அன்று முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, அவள் அசையவில்லை. பிறகு ஓட்டைக் கீழே போட்டுவிட்டு, ஒரு தட்டில் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு நேரே தாத்தாவின் அறைக்குள் போனாள்.

அத்தை அங்கேதான் இருந்தாள், நானும் பின்னாலேயே போனேன். அம்மா தாத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்து, முதல் கவளத்தை உருட்டி, அவர் முகத்தைப் பார்த்தபடி, தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். தாத்தா அவள் தொண்டையைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஊமத்தை எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு வாயைத் திறந்தார்.

தட்டு காலியாகும்வரை அம்மா ஊட்டினாள். கை கழுவ எழுந்தபோதுதான் அத்தையிடம் சொன்னாள்: "அண்ணி, அவ தின்னது சோறு இல்ல. எம்மேல இருந்த பழி."

அடுத்த பஸ்ஸிலேயே அம்மா, கைக்குழந்தையோடும் என்னோடும் அப்பாவோடும் தவளக்குப்பம் போனாள். பெரியம்மா வீட்டு வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு எழுந்திருக்கவில்லை.

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள் அம்மா.

"என்னான்னு சொல்றது? ஒன் கையில வெசம் இருக்குதுன்னு மாமா நெனைக்கிறாருன்னா? அதக் கேட்டுட்டு மறுநாளு ஒல வைக்க ஒனக்குக் கை வருமா? அவரும் பாவம். வந்த மொத நாளே சத்தியம் வாங்கிக்கினாரு, வெளிய சொல்லக் கூடாதுன்னு. ஒரு பிரிகாதியே பொம்பள எச்சில சாப்புடுறாருன்னு தெருவுல தெரிஞ்சா, அந்தத் தொப்பிய அப்புறம் என்னா பண்றது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு வேர்க்கடலை ஒன்றை எடுத்து உடைத்தார். "வந்துடு அஞ்சல" என்றார்.

"வரேன். ஒண்ணு மட்டும். வாரத்துல ஒரு நாளு நான் என் வூட்டுக்கு வரணும். படுத்துத் தூங்கணும். இத்தன வூட்டுல இத்தன பேருக்குப் பாத்திருக்கேன், ஒரு நாளு போய்ட்டு வான்னு எந்த வூட்டுலயும் யாரும் சொன்னதில்ல. ஞாயித்துக்கெழம ஒங்க அக்கா சும்மாத்தானே வந்து மோந்து பாக்குறாங்க? அன்னிக்குத் தட்ட அவங்க எடுக்கட்டும். மொத வாயி அவங்க தின்னட்டும்."

அத்தை மறுப்பாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். மறுக்கத்தான் செய்தாள், ரெட்டியார்பாளையத்தில் தன் மாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றாள், தகப்பனுக்கு எச்சில் ஊட்டிய பாவம் ஏழு ஜன்மத்துக்கும் போகாது என்றாள். அடுத்த ஞாயிறு தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாளைத் தானே போட்டாள். அந்த 'டொக்' ஓசை முன்னைப் போலவேதான் கேட்டது. வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. என்ன என்று அம்மா கேட்டதற்கு, "ஒங்களுக்கெல்லாம் ஒரு வாயாம். எனக்கு மட்டும் ரெண்டு வாயி தின்னச் சொல்றாரு" என்றாள். சமையலறைக்குள் போய் நின்றுகொண்டு அம்மா சிரித்ததை அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு கேட்டேன்.

தாத்தா மனம் மாறிவிட்டார் என்றோ, அம்மாவை நம்பத் தொடங்கினார் என்றோ எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. கடைசிவரை முதல் வாய் மற்றவர்களுடையதுதான். என் தம்பி வேறொரு விளக்கம் வைத்திருக்கிறான்: வீட்டில் கடைசியாகத் தின்னும் பெண்களைத் தமக்கு முன்னால் தின்ன வைக்கத்தான் தாத்தா அந்த நாடகம் போட்டாராம். கேட்க நன்றாக இருக்கிறது. நான் நம்பவில்லை. அம்மா விழுங்கும்போது அவள் தொண்டையைப் பார்த்த அந்தக் கண்களை அவன் பார்த்ததில்லை; அவன் அப்போது தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

1962 வைகாசியில் தாத்தா போனார். அதே ஆண்டு ஆகஸ்டு பதினாறாம் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஆகவே காகிதக் கணக்கில் அவர் பிரெஞ்சு மண்ணிலேயே கண்ணை மூடினார் என்று அப்பா பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். கூடத்தில் கிடத்தி, கெப்பியைத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போட ஒவ்வொருவராகப் போனோம். அத்தை குனிந்து ஒரு பிடி அரிசியை அள்ளினாள். அள்ளிய கை தாத்தாவின் வாய்க்குப் போகாமல், நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில், அவள் வாய்க்குப் போனது. உதட்டுக்கு அருகில் வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ, "ஐயோ, என்ன பண்றா இவ?" என்றார்கள். பெரியம்மா எழுந்து போய் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இறக்கி, "இன்னிக்கு வேணாம் அண்ணி. இன்னிக்குக் கேக்க மாட்டாரு" என்றாள். அத்தை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு, கடலூர்ப் பக்கம் படுத்துவிட்ட இன்னொரு உறவுக்காரியின் வீட்டுக்குப் போனாள். பின்னாளில் பெரியம்மாவே படுத்தபோது யார் முதல் வாய் தின்றார்கள் என்று விசாரித்தேன். ஒரு வாரத்தில் போய்விட்டாள், அதற்கு அவசியமே வரவில்லை என்றார்கள்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியாகிவிட்டது. அதில் ஒரு குடியிருப்பில்தான் நான் இருக்கிறேன். சென்ற ஆண்டு இடுப்பு எலும்பு முறிந்தபிறகு, திண்டிவனத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஏஜென்சி மூலமாக வந்து பார்த்துக்கொள்கிறாள். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே ஒரு குமிழைத் திருகினால் போதும். நாங்கள் அதையும் திருகுவதில்லை. சுவர் மூலையில் என் மகன் ஒரு காமிரா பொருத்தியிருக்கிறான். பாரிஸிலிருந்து அவன் பார்க்கிறான். சந்துச் சேற்றில் யாரும் கால் வைக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கும் காமிரா இருப்பது தெரியும். அதற்கு முதுகைக் காட்டாமல் நின்று வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிட்டாள். தன் சாப்பாட்டைத் தனி டப்பாவில் கொண்டுவந்து, நான் தூங்கும்போது தின்கிறாள்.

போன வாரம் அவள் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டியபோது, ஏனென்று எனக்கே தெரியவில்லை, அதை அவள் பக்கம் திருப்பித் தள்ளினேன். "ஏன் பாட்டிமா, உப்பு இல்லியா?" என்றாள். போய் வேறொரு கரண்டி எடுத்துவந்து, ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, "சரியாத்தான் இருக்குது" என்றாள். அந்தக் கரண்டியைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அவள் தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு வாயைத் திறந்தேன்.